வீட்டுக் கடன் விண்ணப்பம்: சப்மிட் பட்டனைத் தட்டும் முன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "ரயில் டிக்கெட் எடுக்கலாம், கரன்ட் பில் கட்டலாம், சரி. பேங்க்கில் வீட்டுக் கடனுக்கும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடியுமா?"

முடியும். அநேகமாக எல்லா வங்கிகளின் வெப் சைட்டிலும் அதற்கான படிவம் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் நிரப்பி விடலாம். ஆனால் அந்தப் படிவம் கடனின் முதல் படி மட்டுமே. வக்கீல் பத்திரங்களைப் பார்க்க வேண்டும், இன்ஜினியர் இடத்துக்கு வந்து மதிப்புப் போட வேண்டும், நீங்கள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அந்த வக்கீலும் இன்ஜினியரும் என்ன பார்ப்பார்களோ அதில் பெரும்பகுதியை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் முன்கூட்டிப் பார்த்துக் கொள்ள முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இதை நான் கற்றுக் கொண்டது என் தங்கச்சி வீட்டு விஷயத்தில், கொஞ்சம் பணம் போன பிறகு.

நான் இருப்பது அருப்புக்கோட்டை. தங்கச்சியைக் கொடுத்திருப்பது திருச்சுழி தாலுகாவில் ஒரு கிராமம். மாப்பிள்ளை நூற்பாலையில் வேலை பார்க்கிறார், சம்பளம் பேங்க்கில் ஏறுகிறது. வீடு மண் சுவரும் ஓடும். கரிசல் பூமி என்பதால் கோடையில் தரை வெடிக்கும், மழையில் உப்பும். ஒவ்வொரு வருடமும் சுவரில் விரிசல் ஒரு விரல் கூடும். 2024 ஐப்பசி மழையில் பின்சுவர் சரிந்தது. பிள்ளைகள் முன்னறையில் படுத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மழைக்குள் கட்டிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை முடிவெடுத்தார்.

அவர் செய்த முதல் காரியம், மொபைலில் வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டு, பெயர், போன் நம்பர், பான் எண், சம்பளம் எல்லாவற்றையும் கொடுத்தது. அது எந்த வங்கியும் இல்லை. விவரங்களைச் சேகரித்துப் பலருக்கு அனுப்பும் ஒரு இடைத்தரகு தளம். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு போன். ஒருவர் "உங்களுக்கு லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்கள்" என்று சொல்ல, 2,950 ரூபாயை அனுப்பிவிட்டார். அந்த நம்பர் அதன் பிறகு எடுக்கவே இல்லை. பிறகு ஒரு உண்மையான வங்கியில் விண்ணப்பித்தார். அங்கேயும் கட்டணம் கட்டி, ஒரு மாதம் கழித்து வந்த பதில்: "சொத்து ஆவணங்கள் சரியில்லை." என்ன சரியில்லை என்று விளக்கம் இல்லை.

"மச்சான், நீங்க கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுவீங்களே, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

முதலில் முகவரி

எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று பிரவுசரின் அட்ரஸ் பாரைப் பார்த்துப் பழகிக் கொள்ளுங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் முதல் விடையைக் கிளிக் செய்தால் அது பெரும்பாலும் விளம்பரமாகவே இருக்கும். வங்கியின் சின்னமும் நிறமும் அப்படியே இருக்கும் போலித் தளங்களும் உண்டு. படத்தை யாரும் காப்பி செய்யலாம். முகவரியை அப்படிச் செய்ய முடியாது.

இப்போது இதில் ஒரு வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றிக் கொள்ள வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முடிவு கொண்ட பெயரை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். அரசுத் தளங்கள் ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்து, புள்ளி, ஐ, என் என்று முடியும். பெயரின் நடுவில் எங்கோ இந்த எழுத்துகள் வந்தால் போதாது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வருவது இதுவாக இருக்க வேண்டும்.

கடன் தரும் ஆப் எதையாவது பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், ரிசர்வ் வங்கியின் தளத்தில் 2025 ஜூலை முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களுடையவை என்று பதிந்த ஆப்கள் அதில் இருக்கும். அதில் இல்லாத ஆப்பை இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்திடவும். உடனே என்றால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே. மாப்பிள்ளை வெட்கப்பட்டுக் கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த 2,950 திரும்பவில்லை.

உங்கள் ஜாதகம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது

வங்கி உங்கள் பான் எண்ணைக் கொண்டு முதலில் பார்ப்பது கிரெடிட் ரிப்போர்ட்டை. இந்தியாவில் இதைத் தொகுத்துத் தரும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'சிபில்' என்றே சொல்கிறோம். ஸ்கோர் 300 முதல் 900 வரை. 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் இலவச ரிப்போர்ட் என்ற இடத்தில் கிளிக் செய்து, பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். ஸ்கிரீனில் மாதச் சந்தா கட்டச் சொல்லி ஒரு விளம்பரம் குறுக்கே வரலாம். அதை மூடிவிட்டு மேலே செல்லவும்.

உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஆனால் கடன் கேட்டு விண்ணப்பித்ததால் ஒரு நிறுவனம் பார்த்தால் அது 'என்கொயரி' என்று பதிவாகும். மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டில் ஒரே மாதத்தில் ஐந்து என்கொயரிகள் இருந்தன. ஐந்து இடத்தில் கடன் கேட்டு அலைகிறவர் போல அது தெரியும். 'எதற்கும் நான்கு பேங்க்கில் போட்டு வைப்போம்' என்பது இதனால்தான் நல்ல யோசனை இல்லை.

ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் அதே தளத்தில் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மாப்பிள்ளையின் பைக் கடன் சரியாகவே காட்டியது, தவணை தவறவில்லை. ஆக, சிக்கல் அவரிடம் இல்லை, இடத்தில்தான்.

பட்டாவும் வில்லங்கமும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் பக்கத்தில் கடன் நின்று போவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழக அரசின் நிலப் பதிவேடு தளத்தை (இ-சர்வீசஸ், டிஎன், ஜிஓவி, இன் என்று வரும்) திறந்து, பட்டா, சிட்டா பார்வையிடும் இடத்தில் கிளிக் செய்திடவும். மாவட்டம் விருதுநகர், வட்டம் அருப்புக்கோட்டை அல்லது திருச்சுழி, பிறகு வருவாய்க் கிராமம். நாம் ஊர் என்று சொல்லும் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும். பிறகு பட்டா எண்ணையோ சர்வே எண்ணையோ, உட்பிரிவு எண்ணோடு டைப் செய்தால் பட்டா கிடைக்கும். அதே தளத்தில் புலப்படமும் கிடைக்கும். இடத்தின் வடிவமும் நீள அகலமும் அதில் இருக்கும்.

மாப்பிள்ளையின் பட்டாவைத் திறந்ததும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அவருடைய அப்பா 2016-ல் அந்த இடத்தை அவருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். ஆனால் பட்டாவில் இன்னும் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் இருந்தார்கள். கூட்டுப் பட்டா. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் மூன்று பெயர். அதில் விண்ணப்பதாரரின் பெயரே இல்லை. எந்த வக்கீல் சம்மதிப்பார்?

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில், மின்னணு சேவைகள் என்ற மெனுவில் வில்லங்கச் சான்று பார்வையிடும் வசதி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பி.டி.எஃப். ஃபைலாகக் கிடைக்கும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வங்கியில் கொடுக்க வேண்டிய கையொப்பமிட்ட பிரதிக்குத்தான் கட்டணம். வங்கியைப் பொறுத்து 13 வருடம், 30 வருடம் என்று கேட்பார்கள். நீங்கள் 30 வருடத்துக்கே பாருங்கள். சர்வே எண் இடையில் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கு ஒரு முறை, புதிய எண்ணுக்கு ஒரு முறை என இரண்டு முறை தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடிவிட்டு 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று சந்தோஷப்பட்டு விடாதீர்கள்.

கிடைக்கும் ஃபைலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று இருக்கும். தன்மை என்ற கட்டத்தைத்தான் விரல் வைத்துப் படிக்க வேண்டும். கிரையம், தானம், பாகப்பிரிவினை என்பவை இடம் கை மாறிய கதை. 'அடமானம்' என்று ஒன்று வந்தால், அதற்குப் பின்னால் எங்காவது 'ரசீது' என்று ஒன்று வர வேண்டும். அடமானக் கடன் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் பதிவு.

எங்கள் ஃபைலில் 1998-ம் வருடம் ஒரு அடமானம் இருந்தது. விவசாயக் கடனுக்காக ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. ரசீது இல்லை. தங்கச்சியின் மாமனாருக்குப் போன் போட்டுக் கேட்டால், "அது அப்பவே கட்டியாச்சே தம்பி, சங்கத்துச் சீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு" என்றார். இருந்தது. ஆனால் பெட்டியில் இருக்கும் சீட்டு பதிவுத்துறையின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதன் கணக்கில் அந்த இடம் 27 வருடமாக அடமானத்தில்தான் இருந்தது. வங்கி வக்கீல் பார்த்ததும் இதைத்தான்.

மாமா சங்கத்துக்கு நடந்தார். நிலுவை இல்லை என்ற கடிதமும், பிறகு பதிவு செய்யப்பட்ட ரசீதும் கிடைத்தன. பட்டாவுக்கு உட்பிரிவு கேட்டு விண்ணப்பித்தோம். இதையும் இன்டர்நெட்டில் 'தமிழ்நிலம்' தளத்திலோ, இ-சேவை மையத்திலோ செய்யலாம். ஆனால் இடத்தை அளக்க சர்வேயர் வந்துதானே ஆக வேண்டும்? எல்லைக் கல் ஒன்று சீமைக் கருவேலத்துக்குள் மறைந்து கிடந்தது, வெட்டித்தான் எடுத்தோம். இரண்டு சித்தப்பாக்களையும் உட்கார வைத்துப் பேச ஒரு முழு நாள். எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஓடியது. இன்டர்நெட்டால் இந்த மூன்று மாதத்தைக் குறைக்க முடியவில்லை. ஆனால் எங்கே ஓட்டை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலேயே காட்டிவிட்டது. இதை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்திருந்தால் அந்த வங்கிக்குக் கட்டிய கட்டணம் மிச்சமாகியிருக்கும்.

கரிசலுக்கு ஒரு எஸ்டிமேட்

படிவத்தில் 'கட்டுமானச் செலவு' என்று ஒரு கட்டம் இருக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று எங்கோ கேட்ட தொகையை வைத்துப் பெருக்கிப் போட்டு விடுவார்கள். மாப்பிள்ளையும் மதுரையில் சொன்ன 1,850 ரூபாயை 650 சதுர அடிக்குப் பெருக்கி 12 லட்சம் என்று வைத்திருந்தார்.

மதுரையில் சரியாக இருக்கலாம். ஆனால் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழி வரைக்கும் கரிசல் எங்கெல்லாம் ஆழமாக இருக்கிறதோ அங்கெல்லாம் செலவு தரைக்குக் கீழேயே தொடங்கிவிடும். நனைந்தால் பருத்துக் காய்ந்தால் சுருங்கும் மண் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால், புது வீடும் பழைய வீட்டைப் போலவே விரிசல் விடும். சில இடங்களில் சீக்கிரமே கெட்டி மண் வந்துவிடும். சில இடங்களில் ஆறடி தோண்டியும் கரிசலே வரும். ஆழமாக வானம் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு மணலோ கிராவலோ நிரப்புவது ஒரு வழி. அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை இறக்கி, அதன் மேல் பீம் போட்டுக் கட்டுவது இன்னொரு வழி. இந்த மாதிரி மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிக் கொடுத்த முறை அது. எந்த இடத்துக்கு எது என்பதை மண்ணைப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் இன்ஜினியர் குழி தோண்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 13 லட்சத்து 40 ஆயிரம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வங்கி மொத்தக் கடனையும் ஒரே நாளில் தராது. முதலில் உங்கள் கைப்பணத்தைப் போடச் சொல்லும். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு பகுதி, லிண்டல் வந்தால் ஒரு பகுதி, கூரை கான்கிரீட் முடிந்தால் ஒரு பகுதி என்று தரும். கைப்பணம் முழுவதும் மண்ணுக்குள்ளேயே போய், பேஸ்மட்டம் மட்டத்துக்கு வர ஐம்பதாயிரம் குறைந்தால், அடுத்த தவணையும் வராது. எங்கள் பக்கம் பாதியில் நிற்கும் பல வீடுகளுக்கு இதுதான் கதை. கந்து வட்டிக்கு வாங்கி அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டியவர்களும் உண்டு.

கட்டட அனுமதிக்கும் இப்போது ஆன்லைன் வழி இருக்கிறது. 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால், ஒற்றைச் சாளரத் தளத்தில் வரைபடத்தையும் ஆவணங்களையும் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். சுயசான்று என்றால் சொன்னதெல்லாம் உண்மை என்று நீங்களே பொறுப்பேற்பது. எனவே அளவுகளைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளவும்.

இ.எம்.ஐ. கணக்கு, எக்ஸெலில்

கடன் தளங்களில் இழுத்து நகர்த்தும் கால்குலேட்டர்கள் இருக்கும். அவற்றில் சில, கணக்கைக் காட்டுவதற்கு முன் போன் நம்பர் கேட்கும். தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கோ இருந்தால் ஒரு காலி செல்லில் இப்படி டைப் செய்து என்டர் தட்டவும்:

=பிஎம்டி(8.5%/12, 240, -1000000)

(பிஎம்டி என்பதை பி, எம், டி என்ற ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.) முதலில் வருவது வருட வட்டி, பன்னிரண்டால் வகுத்தது. அடுத்தது மாதங்களின் எண்ணிக்கை. கடைசியில் கடன் தொகை, மைனஸ் குறியோடு. பத்து லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்று உதாரணமாகப் போட்டால், 20 வருடத்துக்கு மாதம் 8,678 ரூபாய் வரும். 240-ஐ 180 என்று மாற்றினால், அதாவது 15 வருடம் என்றால், 9,847 ரூபாய். மாதம் 1,169 ரூபாய்தான் கூடுதல். ஆனால் 20 வருடத்தில் மொத்தம் கட்டுவது சுமார் 20 லட்சத்து 83 ஆயிரம். 15 வருடத்தில் சுமார் 17 லட்சத்து 72 ஆயிரம். மாப்பிள்ளை இந்த இரண்டு எண்களையும் ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். வட்டியை 9.5 என்று மாற்றியும் பார்க்கச் சொன்னேன். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிதான். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், அது ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும்.

கையில் வாங்கும் சம்பளம் 27,000. பைக் தவணை 2,400. எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் வங்கிகள் பொதுவாகப் பார்த்துக் கொள்ளும். பத்து லட்சம், 15 வருடம் என்று முடிவானது. மீதி 3 லட்சத்து 40 ஆயிரம் கைப்பணம்.

30 லட்சம் வரையான கடன்களுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தரலாம், அவ்வளவுதான். விளம்பரத்தில் அதைத் 'தருவோம்' என்று படித்துவிடாதீர்கள்.

அருப்புக்கோட்டை நகராட்சிக்குள் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். 2024 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-ல், வருட வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாதவர்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மானியம் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருடத் தவணைகளாக. கிராமத்தில் இருப்பதால் தங்கச்சி வீட்டுக்கு இது பொருந்தவில்லை.

படிவமும் இனிஷியலும்

இனி படிவம். முதல் கட்டத்திலேயே தமிழர்களுக்கு ஒரு தொல்லை காத்திருக்கும்: முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். ஆதாரில் வெறும் எழுத்தாக இருக்கும். பத்திரத்தில் 'இன்னாரின் மகன் இன்னார்' என்று இருக்கும். வங்கியின் கம்ப்யூட்டர் பான் பதிவோடுதான் பெயரை ஒப்பிடும். எனவே பான் கார்டில் உள்ளபடியே, அதே எழுத்துகளில், டைப் செய்திடவும். மூன்றிலும் வித்தியாசம் அதிகம் என்றால், முதலில் ஆதாரைத் திருத்திக் கொள்வது நல்லது.

ஆவணங்களை ஸ்கேன் செய்ய 150 டிபிஐ, கிரே என்ற செட்டிங் போதும். ஒரு பத்திரத்தின் எல்லாப் பக்கங்களும் ஒரே பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். ஸ்கேன்_001 என்று தானாக வரும் பெயரை விட்டுவிடாமல் 'தானப்பத்திரம் 2016' என்பது போலப் பெயர் மாற்றி, டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கவும்.

நிறையப் பேர் இடறும் இடம் பாஸ்வேர்டு. டவுன்லோட் செய்த இ-ஆதார் ஃபைல் பூட்டியே வரும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடித்து, பின்னால் பிறந்த வருடம் சேர்த்தால் திறக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டும் அப்படித்தான். பூட்டியபடியே ஏற்றினால் அந்தப் பக்கத்தில் திறக்க முடியாமல் விண்ணப்பம் தூங்கும். ஃபைலைத் திறந்து, பிரின்ட் கட்டளை கொடுத்து, பிரின்டர் என்ற இடத்தில் 'பி.டி.எஃப். ஆக சேவ் செய்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். படிவத்தைப் பாதியில் சேவ் செய்யும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கவும். எங்கள் ஊர் கரன்ட்டை நம்பி ஒரே மூச்சில் நிரப்ப உட்காரக் கூடாது.

தட்டிய பிறகு

2025 ஆவணியில், ஒரே ஒரு வங்கியில், அதன் சொந்தத் தளத்தில், சப்மிட் தட்டினோம். விண்ணப்ப எண் வந்தது. அதை பிரின்ட் எடுத்து வைத்துக் கொண்டோம். நான்காம் நாள் கிளையிலிருந்து போன். வக்கீலுக்குக் காட்ட அசல் பத்திரங்களோடு நேரில் போனார் மாப்பிள்ளை.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாளைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். 'முக்கிய விவரக் குறிப்பு' என்று பெயர். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தரப்படும் புதிய வீட்டுக் கடன்களுக்கு இதைத் தந்தே ஆக வேண்டும். வட்டி, கட்டணங்கள், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, தமிழில் கேட்கலாம். கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் யோசிக்க நேரம் தர வேண்டும். மாப்பிள்ளை அதை வாங்கி வந்தார். அதில் அவர் கேட்காத ஒரு காப்பீடு சேர்ந்திருந்தது. வேண்டாம் என்றார், நீக்கினார்கள்.

பிறகு பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. இதற்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் தனியாக ஆகும். எஸ்டிமேட்டில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை வங்கியிடம் முத்திரையோடு வாங்கி, ஸ்கேன் செய்து, அதே ஃபோல்டரில் போட்டோம். கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து இருக்கும் விதி.

ஐப்பசி மழைக்கு முன் வீடு முடியவில்லை. பேஸ்மட்டம் மட்டும் எழும்பியது. ஒரு மழைக்காலத்தைத் தங்கச்சியும் பிள்ளைகளும் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் கழித்தார்கள். வானத்தில் நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்த படத்தையும் மாப்பிள்ளை அந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் நான் நோட்பேடில் டைப் செய்த ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. அதில் ஒரே வரி: 'கடைசித் தவணை கட்டியதும் பத்திரத்தோடு ரசீதும் வாங்கிப் பதிவு செய்யவும்.'